கீழிருந்து மேலாக

2023ஆம் ஆண்டின் கோடை விடுமுறையில் நாங்கள் இருவரும் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஒரு புறநகரில், அக்காள் மகன் வீட்டில், ஆறு வாரங்கள் தங்கியிருந்தோம். தமிழ் இலக்கியம் கற்பிப்பதைத் தவிர வேறு தொழில் அறியாத எங்களுக்கு அங்கே செய்வதற்கு அதிகம் ஒன்றுமில்லை. காலையில் நடப்போம், பகலில் வாசிப்போம், மாலையில் குழந்தைகளுக்குக் கதை சொல்வோம். இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் தபாலில் ஒரு கடிதம் வந்தது. அந்தக் குடியிருப்பின் வீட்டு உரிமையாளர் சங்கம் எழுதியது. வீட்டின் வடக்குச் சுவரில் பச்சை படர்ந்திருப்பதாகவும், முப்பது நாட்களுக்குள் கழுவிச் சுத்தம் செய்யாவிட்டால் அபராதம் விதிக்கப்படும் என்றும் அதில் கண்டிருந்தது. சான்றாக ஒரு புகைப்படமும் இணைக்கப்பட்டிருந்தது.

வெளியே போய்ப் பார்த்தோம். வெள்ளைப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றே ஏறிப் படியுமாறு அடுக்கியது போன்ற சுவர். வெயில் படாத வடக்குப் பக்கத்தில் ஆளுயரத்துக்கு மெல்லிய பாசி. கோயில் குளத்துப் படியில் நாம் பார்த்திருக்கும் பாசிக்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை. விரலால் சுவரைத் தட்டினோம். மரத்தின் ஒலி வரவில்லை. காலி டப்பாவைத் தட்டியது போலிருந்தது.

"மரம் இல்ல மாமா, வினைல் சைடிங். பிளாஸ்டிக்தான். பராமரிப்பே தேவையில்லன்னு சொல்லித்தான் வித்தாங்க," என்றான் மருமகன்.

அடுத்த சனிக்கிழமை கழுவினோம். பத்துப் பங்கில் ஏழு தண்ணீர், மூன்று வெள்ளை வினிகர், நீண்ட கழியில் மாட்டிய மிருதுவான பிரஷ், தோட்டத்துக் குழாய். இவ்வளவுதான் கருவிகள். மேலிருந்து தொடங்கப் போனவர்களை அவன் தடுத்தான். "கீழேயிருந்து மேலே போங்க மாமா. மேலேயிருந்து ஆரம்பிச்சா அழுக்குத் தண்ணி காஞ்ச சுவர்ல வழிஞ்சு கோடு விழுந்துடும். அப்புறம் அந்தக் கோடு போகாது."

எதையும் மேலிருந்து கீழாகக் கழுவிப் பழகிய எங்களுக்கு இது விசித்திரமாக இருந்தது. ஆனால் அவன் சொன்னது சரி. இந்தச் சுவரைத் தயாரிப்பவர்களின் கையேடுகளும் அதையே சொல்கின்றன. எஞ்சியிருந்த வாரங்களில் அவ்வூர் நூலகத்தில் உட்கார்ந்து இந்தச் சுவரைப் பற்றி வாசிக்கத் தொடங்கினோம். அழுக்கே படியாத, உழைப்பே கேட்காத ஒரு சுவருக்காக அமெரிக்கர்கள் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக ஆசைப்பட்டு வந்திருக்கிறார்கள். அந்த ஆசையின் வரலாற்றில், சுவரைச் சுத்தம் செய்தவர்கள் யார் என்ற கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. இக்கட்டுரை அந்தக் கேள்வியைப் பின்தொடரும் ஒரு முயற்சி.

*

முதலில் மரம். பதினேழாம் நூற்றாண்டில் நியூ இங்கிலாந்தில் குடியேறிய ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டின் கிழக்குப் பகுதிகளில் வழங்கிய பலகைச் சுவர் முறையைக் கொண்டுவந்தார்கள். மேல்பலகையின் கீழ்விளிம்பு கீழ்ப்பலகையின் மேல்விளிம்பை மூடும். மழைநீர் உள்ளே புகாமல் வழிந்தோடிவிடும். இவ்வகைப் பலகைக்குக் கிளாப்போர்டு என்று பெயர். தொடக்கத்தில் இந்த வீடுகளில் பெரும்பாலானவை வர்ணம் பூசப்படாதவை. மரம் வெயிலிலும் பனியிலும் கிடந்து சாம்பல் நிறம் கொள்ளும். அதை அழுக்கென்று யாரும் நினைக்கவில்லை.

வெள்ளை பின்னால் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் கிரேக்கக் கோயில்களைப் போல வீடு கட்டும் மோகம் அமெரிக்காவைப் பற்றியது. சலவைக் கல்லுக்கு வசதியில்லாதவர்கள் மரத் தூண்களை நிறுத்தி அவற்றுக்கு வெள்ளை பூசினார்கள். 1842இல் அமெரிக்கப் பயணம் மேற்கொண்ட சார்லஸ் டிக்கன்ஸ், அதே ஆண்டு வெளியிட்ட பயண நூலில், நியூ இங்கிலாந்தின் வீடுகள் அன்று காலையில்தான் கட்டி வர்ணம் பூசப்பட்டவை போலிருப்பதைக் கண்டு வியக்கிறார். அந்த வியப்பில் சற்றுக் கேலியும் உண்டு. அதே 1842இல் தோட்டக்கலை அறிஞர் ஆண்ட்ரூ ஜாக்சன் டௌனிங் குடில்களைப் பற்றி எழுதிய நூலில் வெள்ளை வீடுகளை வெளிப்படையாகவே எதிர்த்தார். பசுமைக்கு நடுவே வெள்ளை கண்ணைக் குத்துகிறது, மண்ணும் கல்லும் வைக்கோலும் கொண்ட நிறங்களே வீட்டுக்கு உகந்தவை என்பது அவர் கட்சி. சில பத்தாண்டுகள் அவர் பேச்சு எடுபட்டது. பிறகு வெள்ளையே மீண்டும் வென்றது.

அந்த வெள்ளையின் பெயர் ஈய வெள்ளை. ஈயத் தகடுகளை வினிகர் நிரம்பிய மண் கலயங்களின் மேல் அடுக்கி, சுற்றிலும் சாணத்தையோ மரப்பட்டையையோ குவித்து, மாதக்கணக்கில் புழுங்கவிட்டால் தகட்டின்மேல் வெள்ளைச் செதில் படியும். அதைச் சுரண்டி, அரைத்து, ஆளிவிதை எண்ணெயில் குழைத்தால் வர்ணம் தயார். சுரண்டியவர்களையும் அரைத்தவர்களையும் பூசியவர்களையும் ஈய நஞ்சு தாக்கியது. வயிற்றுவலி, கை செயலிழப்பு, மூளைப் பாதிப்பு என்று அந்நோய்க்குப் பல முகங்கள். 1921இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கட்டிடங்களின் உட்புற வர்ணப் பூச்சில் ஈய வெள்ளையைத் தடுக்கும் உடன்படிக்கையை ஏற்றது. அமெரிக்காவில் வீட்டு வர்ணங்களில் ஈயம் தடை செய்யப்பட்டது 1978இல்தான்.

எனவே மரச் சுவரின் காலத்தைப் பொற்காலமாக நினைத்துப் பெருமூச்சு விடுவதற்கு இடமில்லை. அந்தச் சுவர் சில ஆண்டுகளுக்கொருமுறை உழைப்பைக் கேட்டது: பழைய வர்ணத்தைச் சுரண்ட வேண்டும், விரிசலை அடைக்க வேண்டும், புதிதாகப் பூச வேண்டும். வசதியுள்ளவன் அந்த உழைப்பைப் பிறரிடம் தள்ளினான். மார்க் ட்வைன் 1876இல் வெளியிட்ட நாவலில், வேலிக்கு வெள்ளையடிக்கும் தண்டனை பெற்ற சிறுவன் டாம் சாயர், அது பெரும் பாக்கியம் என்று நம்பவைத்து ஊர்ப் பையன்களிடமே அவ்வேலையை வாங்கிவிடுகிறான். அதற்குக் கூலியும் அவர்களிடமிருந்தே பெறுகிறான். அமெரிக்கச் சுவரின் பிற்கால வரலாற்றுக்கு அந்த அத்தியாயம் ஒரு முன்னுரை போல அமைந்துவிட்டது என்று இப்போது வாசிக்கையில் தோன்றுகிறது.

*

இருபதாம் நூற்றாண்டு மரத்தை மூடிமறைக்கும் பொருள்களின் நூற்றாண்டு. 1900ஐ ஒட்டி ஆஸ்திரியாவில் லுட்விக் ஹாட்செக் சிமெண்டையும் ஆஸ்பெஸ்டாஸ் இழையையும் கலந்து தகடு செய்யும் முறையைக் கண்டுபிடித்தார். அது அமெரிக்காவுக்கு வந்து, தீப்பிடிக்காத, அழுகாத, வர்ணம் வேண்டாத சுவரென்று லட்சக்கணக்கான வீடுகளில் ஏறியது. 1930களில் தார் தோய்த்த தாள்மேல் செங்கல் போலக் கோடு அச்சடித்த உறை வந்தது. பிறகு உலோகம். இண்டியானா மாநிலத்தின் ஹாம்மண்ட் நகரைச் சேர்ந்த ஃப்ராங்க் ஹோஸ் என்னும் இயந்திரப் பணியாளர் 1930களின் இறுதியில், ஒரு தகட்டின் விளிம்பு அடுத்ததன் விளிம்பில் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். போர் முடிந்ததும் அதே முறை அலுமினியத்துக்கு மாறியது. இன்றைய வினைல் சுவரும் அந்தக் கொக்கியில்தான் தொங்குகிறது.

பொருளைக் காட்டிலும் அதை விற்ற விதம் சுவையானது. 1934ஆம் ஆண்டின் தேசிய வீட்டுவசதிச் சட்டத்தின் முதற்பகுதி, வீட்டைச் செப்பனிட வாங்கும் கடனுக்கு அரசே காப்பீடு அளித்தது. மந்தநிலையில் வேலையிழந்த தச்சர்களுக்கும் கொத்தர்களுக்கும் பிழைப்பு தர நினைத்த நல்ல சட்டம். ஆனால் கடன் திரும்பாவிட்டாலும் வங்கிக்குப் பெரிய நஷ்டமில்லை என்று ஆனபின், வீடுவீடாகப் போய்ச் சுவர் விற்கும் ஒரு கூட்டம் புறப்பட்டது. உங்கள் வீட்டை மாதிரி வீடாக்கப் போகிறோம், பார்த்து மயங்கி வாங்கும் ஒவ்வொரு அண்டை வீட்டாருக்கும் உங்களுக்குத் தரகு உண்டு என்பார்கள். கையெழுத்து வாங்கியபின் காணாமல் போவார்கள். 1954இல் அமெரிக்க செனட் குழு இந்த மோசடிகளை விசாரித்தது. பாரி லெவின்சன் 1987இல் எடுத்த 'டின் மென்' திரைப்படம் 1963ஆம் ஆண்டின் பால்டிமோர் நகரில் அலுமினியச் சுவர் விற்றுத் திரிந்தவர்களைப் பற்றியது. சிரித்துக்கொண்டே பார்க்கலாம். ஆனால் விற்பனையாளன் உள்ளே நுழையும் ஒவ்வொரு வீட்டிலும் ஓயாத வேலையால் களைத்துப்போன ஒரு குடும்பம் உட்கார்ந்திருப்பதையும் கவனிக்க வேண்டும்.

பால்டிமோரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே தொழிலாளர் குடும்பங்கள் வாழ்ந்த வரிசை வீடுகளின் வாசலில் வெள்ளைச் சலவைக் கல் படிகள் உண்டு. அருகிலுள்ள காக்கீஸ்வில் சுரங்கத்திலிருந்து வந்த கல். சனிக்கிழமைதோறும் பெண்கள் மண்டியிட்டு நுரைக்கல்லாலும் தேய்ப்புப் பொடியாலும் அந்தப் படிகளைத் தேய்த்து வெளுப்பார்கள். தெருவே ஒருசேரத் தேய்க்கும். யார் வீட்டுப் படி மங்கியிருக்கிறது என்று தெருவுக்கே தெரிந்துவிடும். நம் ஊரில் விடியலில் வாசல் தெளிக்காத வீட்டைப் பற்றி எழும் கேள்விகள் அங்கும் எழுந்தன போலும். மருமகனுக்கு வந்த கடிதம் அந்தத் தெருக்கண்ணின் சட்டவடிவம் என்று கொள்ளலாம்.

*

இனி வினைல். அதன் கதை எதிர்பாராத தற்செயல்களால் ஆனது. பிரெஞ்சு வேதியியலாளர் ஹென்ரி விக்டர் ரெனோ 1830களில் வினைல் குளோரைடு வாயுவை உருவாக்கினார். ஜெர்மனியின் ஓய்கன் பௌமன் 1872இல், வெயில்பட வைத்த குடுவைகளில் அந்த வாயு வெள்ளைத் திடப்பொருளாக மாறியிருக்கக் கண்டார். எதிலும் கரையாத, எதற்கும் பயன்படாத பொருளாக அது நெடுநாள் கிடந்தது. 1926இல் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் வால்டோ செமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்டும் பசையைத் தேடிக்கொண்டிருந்தபோது, இந்தப் பொருளைக் கொதிநிலை உயர்ந்த திரவங்களில் சூடாக்கினால் வளைந்துகொடுக்கும் என்று கண்டார். பசை கிடைக்கவில்லை, பிளாஸ்டிக் கிடைத்தது. மேலதிகாரியின் மேசையிலிருந்த காகிதங்களின்மேல் வினைல் பூசிய திரைத்துணியை விரித்து அதில் கூஜாத் தண்ணீரை ஊற்றி, ஒரு சொட்டும் இறங்காததைக் காட்டி அவர் ஒப்புதல் பெற்றார் என்று ஒரு கதை உண்டு.

எடையில் பாதிக்கு மேல் குளோரின், அதாவது உப்பிலிருந்து பிரித்த குளோரின். மீதி பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்தோ இயற்கை வாயுவிலிருந்தோ வந்த கரிமம். இதுதான் பிவிசி. 1950களின் இறுதியில் ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் இதைக்கொண்டு சுவர்ப் பலகை செய்யத் தொடங்கினார்கள். தொடக்கத்தில் அது வெளுத்தது, குளிரில் உடைந்தது. வெயிலைத் தடுக்க டைட்டானியம் டை ஆக்சைடும், வெப்பத்தைத் தாங்க வேறு சேர்மங்களும் சேர்த்துச் சேர்த்து 1970களில் ஒருவாறு தேறியது. அலுமினியம் போல அமுங்காது, நிறம் மேற்பூச்சாக இல்லாமல் பலகை முழுவதும் ஊறியிருப்பதால் கீறினாலும் தெரியாது, விலையும் குறைவு. 1990களின் நடுவில் அமெரிக்காவில் புதிதாகக் கட்டப்படும் தனி வீடுகளில் மிகுதியாகப் பயன்படும் சுவராக அது ஆயிற்று. சாந்துப்பூச்சும் சிமெண்டு இழைப் பலகையும் போட்டிக்கு வந்த பின்னும், 2020களின் தொடக்கத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு புதுவீடு வினைல் அணிந்திருந்தது.

இதன் தடிமன் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். கோடையில் நீளும், குளிரில் சுருங்கும். பன்னிரண்டரை அடி நீளப் பலகை அரை அங்குலம்வரை அசையும். அதனால் ஆணியை இறுக அடிக்கக் கூடாது. நீள்துளையின் நடுவே தளர்வாக அடித்துத் தொங்கவிட வேண்டும். எழுபது பாகை செல்சியஸைத் தாண்டினால் இளகும். எதிர்வீட்டு நவீனக் கண்ணாடிச் சன்னலில் பட்டுத் திரும்பும் வெயிலே போதும், பலகை நெளிந்துவிடும். வீடு இதை உடுத்தியிருக்கிறது என்பதே பொருத்தமான சொல். உடைக்குப் பின்னால் தண்ணீர் போகும் என்பது எதிர்பார்க்கப்பட்டதே. அது வெளியேறக் கீழ்விளிம்பில் சிறு துளைகள் உண்டு. அதனால்தான் அழுத்த நீர்ப்பீச்சியால் கழுவுவோர் குழலை மேல்நோக்கிப் பிடிக்கக் கூடாது என்கிறார்கள். அப்படிப் பிடித்தால் நீர் பலகைக்குப் பின்னே ஏறி மரச்சட்டத்தை நனைத்துவிடும். மரம் உள்ளே மெல்ல அழுகுவதை வெள்ளைச் சுவர் வெளியே தெரியவிடாது. அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை 1984இல் திருத்தி வெளியிட்ட ஒரு கையேடு, பழம்பெரும் மரவீடுகளை அலுமினியத்தாலும் வினைலாலும் மூடுவதை எதிர்த்துக் கூறிய காரணங்களில் இது முதன்மையானது.

இவ்வளவையும் மீறி அது வென்றதற்குக் காரணம் மக்களின் அறியாமை என்று சொல்வது நியாயமாகாது. ஏணியில் ஏற முடியாத முதியவர்களுக்கும், இரண்டு வேலை பார்த்து வீட்டுக்கடன் கட்டியவர்களுக்கும், வர்ணக்காரருக்குக் கொடுக்கப் பணமில்லாதவர்களுக்கும் அது விடுதலையாகவே வந்தது. இனி வாழ்நாள் முழுதும் பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்ற வாக்குறுதி பெருமளவுக்கு மெய்தான். அந்த வாக்குறுதிக்குரிய உழைப்பு எங்கே போயிற்று என்பதுதான் அடுத்த கேள்வி.

*

கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் ரப்பர்டவுன் என்றொரு தொழிற்பகுதி உண்டு. அங்கே குட்ரிச் நிறுவனத்தின் பிவிசி ஆலை இயங்கியது. பெரும் உருக்குக் கலன்களில் வினைல் குளோரைடு வாயுவை நீரோடு கலந்து அழுத்தத்தில் சூடாக்கிக் கடைவார்கள். வெள்ளைத் தூளாகப் பிவிசி பிரியும். ஒவ்வொரு முறையும் கலனின் உட்சுவரில் கெட்டியான படிவு ஒட்டிக்கொள்ளும். அதை அகற்றாமல் அடுத்த சுற்றைத் தொடங்க முடியாது. எனவே ஓர் ஆள் மேல்துளை வழியாகக் கலனுக்குள் இறங்கி, சுத்தியலும் உளியும் சுரண்டியும் கொண்டு சுவரைச் சுத்தம் செய்ய வேண்டும். மிச்ச வாயு உள்ளே நிற்கும். அதற்கு மெல்லிய இனிப்பு வாசனை. சற்று அதிகமாக மூச்சில் ஏறினால் தலை சுற்றும். ஒரு காலத்தில் அறுவை சிகிச்சைக்கு மயக்க மருந்தாகலாமா என்று ஆராயப்பட்ட வாயு அது.

1960களிலேயே கலன் துப்புரவாளர்கள் சிலருக்கு விரல்நுனி எலும்புகள் கரைந்துபோவதை மருத்துவர்கள் கண்டார்கள். இத்தாலியின் போலோன்யாவில் சேசரே மால்டோனி 1970களின் தொடக்கத்தில் நடத்திய சோதனைகளில், இந்த வாயுவைச் சுவாசித்த எலிகளுக்குக் கல்லீரலில் ஆஞ்சியோசர்கோமா என்னும் அரிய புற்றுநோய் தோன்றியது. அமெரிக்கா முழுவதிலும் ஆண்டுக்குச் சில பத்துப் பேருக்கு மட்டுமே வரக்கூடிய நோய் அது. அந்தச் சோதனைகளுக்குப் பணம் தந்த ஐரோப்பிய நிறுவனங்கள் அமெரிக்க நிறுவனங்களோடு செய்துகொண்ட இரகசிய ஒப்பந்தத்தால் முடிவுகள் தொழிலாளர்களை எட்டவில்லை. லூயிவில் ஆலைக்கு மருத்துவராக இருந்த ஜான் கிரீச், தம்மிடம் வந்தவர்களில் அதே அரிய நோயால் இறந்தவர்கள் ஒன்றுக்கு மேற்பட்டவர் என்பதையும், எல்லோரும் அந்த ஆலைக்காரர்கள் என்பதையும் கவனித்தார். 1974 ஜனவரியில் நிறுவனம் இதை அரசுக்குத் தெரிவித்தது.

அதுவரை தொழிலிடத்தின் காற்றில் பத்து லட்சத்தில் 500 பங்கு வினைல் குளோரைடு இருக்கலாம் என்பது விதி. 1974 ஏப்ரலில் அவசர ஆணையாக அது 50 ஆயிற்று. அக்டோபரில் 1 என்று தீர்மானித்து, 1975 ஏப்ரலில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். தொழில்துறையே மூழ்கிவிடும், லட்சக்கணக்கானோர் வேலை இழப்பர் என்று உற்பத்தியாளர்கள் எச்சரித்தார்கள். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. படிவு ஒட்டாத பூச்சும் உயர் அழுத்த நீர்ப்பீச்சும் கொண்டு, ஆள் இறங்காமலேயே கலனைக் கழுவும் முறை சில ஆண்டுகளுக்குள் பரவிவிட்டது. அதை முன்பே செய்திருக்கலாம். உள்ளே இறங்கும் ஆள் மலிவாகக் கிடைத்துவந்தவரை அதற்குத் தேவை எழவில்லை, அவ்வளவுதான்.

இதை வாசித்தபோது நூலகத்தில் சிறிதுநேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தோம். வெளிச்சுவரைத் தேய்க்கும் வேலையிலிருந்து வீட்டுக்காரரை விடுவித்த பொருள், உருவாகும் இடத்தில் இன்னொரு மனிதனை ஓர் உட்சுவரைத் தேய்க்க வைத்திருந்தது.

*

இந்த இரு சுவர்களையும் இணைத்துப் பார்த்தவர் ஆவணப்பட இயக்குநர் ஜூடித் ஹெல்ஃபாண்ட். லாங் ஐலண்டில் தம் பெற்றோர் அழுகிய பலகைகளை நீக்கி நீல வினைல் பொருத்தியதிலிருந்து தொடங்கி, ஒரு வினைல் துண்டைக் கையில் ஏந்திக்கொண்டே லூயிசியானாவின் லேக் சார்லஸுக்கும் இத்தாலியின் வெனிஸுக்கும் போய்வந்து, டேனியல் கோல்டுடன் இணைந்து 2002இல் 'புளூ வினைல்' என்ற படத்தைத் தந்தார். வெனிஸுக்கு அருகே போர்ட்டோ மார்கேராவில், சக தொழிலாளர்களின் மரணங்களைக் கணக்கெடுத்து நீதிமன்றம்வரை கொண்டுபோன கப்ரியேலே போர்ட்டொலொட்சோ என்ற தொழிலாளியின் கதை அதில் வருகிறது. தம் பெற்றோரை இவர் சம்மதிக்க வைக்கப் படும் பாடும் வருகிறது. அவர்களுக்கு அந்த நீலச்சுவர் பிடித்திருந்தது. அது வேலை வைக்கவில்லை.

கதை அத்துடன் முடியவில்லை. நாங்கள் அமெரிக்கா போவதற்குச் சில மாதங்களுக்கு முன், 2023 பிப்ரவரி 3ஆம் நாள், ஒஹாயோவின் ஈஸ்ட் பாலஸ்டைன் என்ற சிற்றூரில் ஒரு சரக்கு ரயில் தடம் புரண்டது. அதில் ஐந்து பெட்டிகள் வினைல் குளோரைடு. வெடித்துவிடும் என்று அஞ்சி மூன்றாம் நாள் அதைத் திறந்துவிட்டு எரித்தார்கள். கரும்புகைத் தூண் எழுந்த படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம். அப்படி எரித்திருக்க வேண்டியதில்லை என்று 2024 ஜூனில் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் முடிவு கூறியது. அந்த வாயு போய்ச் சேர வேண்டியிருந்த இடம், நாங்கள் தங்கியிருந்த அதே நியூ ஜெர்சியின் தென்பகுதியிலுள்ள ஒரு பிவிசி ஆலை.

தமிழ்நாட்டுக்கும் இதில் ஒரு நூலிழைத் தொடர்பு உண்டு. மேட்டூரில் 1960களில் பிவிசி உற்பத்தி தொடங்கியபோது அதில் கூட்டுச் சேர்ந்தது அதே குட்ரிச் நிறுவனம்தான். நாம் அதைச் சுவராக உடுத்தவில்லை, குழாயாகப் புதைத்தோம். நம் வயல்களுக்கும் குளியலறைகளுக்கும் தண்ணீர் கொண்டுவரும் குழாய்களைக் குறை சொல்ல இக்கட்டுரை எழுதப்படவில்லை. அவற்றின் பிறப்பிடத்தை ஒருமுறையேனும் நினைத்துப் பார்த்ததுண்டா என்று எங்களையே கேட்டுக்கொண்டோம். இல்லை என்பதே விடை.

*

வடக்குச் சுவருக்குத் திரும்புவோம். பாசி எளிதாகப் போய்விட்டது. போகாதவை, கீழ்ப்பகுதியில் மிளகைத் தூவினாற்போல ஒட்டியிருந்த கரும்புள்ளிகள். பூஞ்சை என்று நினைத்துத் தேய்த்தோம், அசையவில்லை. நகத்தால் பெயர்த்தால் பழுப்புக் கறை மிஞ்சியது. அது ஸ்ஃபீரோபோலஸ் என்னும் நுண்காளானின் வேலை என்று பிறகு அறிந்தோம். அமெரிக்கர்கள் அதைப் பீரங்கிக் காளான் என்கிறார்கள். செடிகளின் அடியில் அழகுக்காகப் பரப்பிய மரச்சிம்புகளில் அது வளர்கிறது. முதிர்ந்ததும் ஒரு சிறு கரிய உருண்டையை ஒளி வரும் திசைநோக்கிச் சுடுகிறது. ஆறு மீட்டர் தூரம்வரை பாயும். வெள்ளைச் சுவர் ஒளியைத் திருப்பியடிப்பதால் காளானுக்கு அதுவே வானம். அதாவது, சுவர் எவ்வளவு வெள்ளையோ அவ்வளவு குறி தப்பாது.

ஈய வெள்ளை, ஆஸ்பெஸ்டாஸ், அலுமினியம், வினைல் என்று ஒவ்வொரு தலைமுறையும் இனி உழைக்க வேண்டாம் என்ற உறுதியோடு ஒரு சுவரை வாங்கியது. ஒவ்வொரு முறையும் உழைப்பு கண்ணுக்குத் தெரியாத ஓரிடத்துக்கு, பெரும்பாலும் மறுத்துப் பேச இயலாத ஒருவரின் கைக்கு, இடம்பெயர்ந்தது. எஞ்சிய சிறு பங்கு, பாசியாகவும் புள்ளியாகவும், வீட்டுக்காரரிடமே திரும்பி வந்தது. அந்தச் சிறு பங்கைக் குறித்து முணுமுணுக்க எங்களுக்கு மனம் வரவில்லை. வினிகர் வாசனையோடு இரண்டு சனிக்கிழமைகள் போயின. உரிமையாளர் சங்கத்துக்கு மருமகன் புதிய புகைப்படம் அனுப்பினான். விவகாரம் முடித்துவைக்கப்பட்டது என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

புறப்படும் நாளன்று வீட்டின் பின்பக்கம் ஒருமுறை நடந்தோம். சுவர் வெள்ளையாக இருந்தது. பதினோரு வயதுப் பேத்தி பாசி மீண்டும் வருமா என்று கேட்டாள். வரும், அடுத்த கோடையிலேயே வரும் என்றோம். அப்போது யார் கழுவுவார்கள் என்றாள். நீயும் உன் அப்பாவும் என்றோம். எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்திருந்தது.